அம்மாவின் அம்பாசடருக்கு ஒரு ஃபேன்

இரணியல்,
ஆகஸ்ட் 11.

அன்புள்ள ஜெனிக்கு,

தாணு எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் நம் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் இதென்ன புதிதாகக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். சிலுவைதாசன் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இந்தச் செய்தியைப் போனில் சொல்லக் கூடாது என்று ஒருவர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒருவர் உன் அம்மா.

பதறாதே. கிளாரா அம்மாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. நம் கல்யாணத்துக்குப் பிறகு உன்னிடம் ஒரு வார்த்தை பேசாத, என் முகத்தை ஏறிட்டும் பார்க்காத அதே அம்மாதான். ட்யூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து நிதானமாக வாசி.

முதலில் வீட்டு விஷயம். அடுப்படி ஓட்டில் ஒழுகிய இடத்தைச் சரி செய்தாகிவிட்டது. ஆடி மழை பேருக்குத்தான் பெய்தது, ஆனாலும் சுவரில் ஈரம் இல்லை. நீ படுக்கப் போகும் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். சுசீந்திரத்திலிருந்து என் அம்மா வந்து, பிரசவத்துக்கு வேண்டிய பழந்துணிகளைத் துவைத்துக் காயவைத்து அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். டாக்டர் சொன்ன இரும்புச் சத்து மாத்திரையை நீ ஒழுங்காகப் போடுவதில்லை என்று எனக்குச் சந்தேகம். மற்றவர்களுக்கு மணி பார்த்து மருந்து கொடுக்கிற நர்ஸ் நீ. உனக்கும் கொஞ்சம் கொடுத்துக்கொள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் கடையில் ஒரு லோடு ஆட்டோவுக்கு ஹெட்லைட் வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. பானெட் இடுக்கில் ஆவி போய்க்கொண்டிருந்தது. உன் அப்பாவின் வண்டி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மரியான் மாமா காலமான பிறகு அம்மாவே அதை ஓட்டிக் கருவாட்டு மூட்டைகளைத் திங்கள்சந்தைக்குக் கொண்டு போகிறார் என்று உன் தங்கை அஜிஷா சொல்லியிருக்கிறாள். கண்ணால் பார்த்தது அன்றுதான். ஒரு கையில் குடையோடு இறங்கினார். கடைப் பலகையை வாசித்தார். என்னை முன்பின் பார்த்திராதவர் போல, "இஞ்ச வண்டி வயரிங் பாப்பியளா?" என்று கேட்டார்.

நானும் கடைக்காரனாகவே நின்றேன். "பாப்பேன்" என்றேன்.

"எனக்க வண்டி ஓடும்போ ஒண்ணுல்ல. நெரிசல்ல நின்னா கொதிக்குது. ரேடியேட்டரு கழுவியாச்சு, பம்பும் மாத்தியாச்சு. கரண்டு ஃபேன் வச்சா சரியாவும்ணு சொல்லுதாவ."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த வண்டியில் ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. வண்டி ஓடும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், முன்னாலிருந்தும் காற்று வரும். நெரிசலில் நின்றால் இன்ஜின் மெதுவாக ஓடும், ஃபேனும் அதோடு சேர்ந்து மெதுவாகிவிடும். தண்ணீர் ஆற வழியில்லை. கரண்டு ஃபேன் என்றால் வண்டி நின்றாலும் முழு வேகத்தில் சுற்றும். இதை நான் சொல்ல, அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்று கேட்டேன்.

"திருவனந்தபுரம்."

"அங்க எந்தப் பக்கம்?"

"ஏர்போட்டு" என்று சொல்லிவிட்டுக் குடையின் முனையால் தரையில் கோடு போட்டார். எப்போது போக வேண்டும் என்றேன். ஒரு தேதி சொன்னார். ஓணத்துக்கு முந்தின வாரம், உன் டிக்கெட்டில் இருக்கும் அதே தேதி. அஜிஷா சொல்லியிருக்க வேண்டும்.

யாரை அழைத்துவர என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உனக்காகச் சொல்லி வைத்திருந்த டாக்சியை அன்று சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மறுநாள் காலையிலேயே பஸ்ஸில் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் பானெட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்பேனரை எடுத்தால் பார்வை ஸ்பேனரோடு வரும். ஒவ்வொரு வயருக்கும் ஒரு கேள்வி.

"இந்தத் தடிச்ச வயரு என்னத்துக்கு?"

ஃபேன் இழுக்கிற கரண்டு அதிகம், அதைச் சாவி போடும் சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் கருகிவிடும், அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் கொண்டு வருகிறேன் என்றேன். இடையில் எதற்கு ரிலே என்றார். சாவி சின்னக் கரண்டில் ரிலேவுக்கு உத்தரவு கொடுக்கும், பெரிய கரண்டை ரிலே தாங்கிக்கொள்ளும் என்றேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஏன் ஃபியூஸ் என்றார். வயர் எங்கே உரசி ஷார்ட்டானாலும் தீப்பிடிக்காமல் ஃபியூஸ் போய்விடும் என்றேன். இன்ஜினிலிருந்து வெந்நீர் வரும் மேல் குழாயில் சென்சாரைப் பொருத்தினேன். தண்ணீர் எவ்வளவு சூடு என்று அது பார்க்கும். கண்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டி அதைக் கேட்டு, சூடு ஏறினால் ஃபேனைப் போடும், இறங்கினால் அணைக்கும்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்பாய். ஜெனி, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உன் அம்மாவும் நானும் பேசிய முதல் பேச்சு இதுதான். அதனால் விடாமல் எழுதுகிறேன்.

கண்ட்ரோலரைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. "அது மறந்துபோச்சுன்னா?" என்றார். மறக்காது என்றேன். "தானா சுத்தும்ணு நம்பி நான் போகமாட்டேன். எனக்க கைக்கு ஒரு சுவிட்சு வேணும்." டாஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். கண்ட்ரோலர் போடாவிட்டாலும் அதைத் தட்டினால் ஃபேன் சுற்றும். இருந்த இடத்திலிருந்தே கை எட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்த்து, "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

முதல்முறை ஃபேனைப் போட்டபோது எனக்கு ஒரே பெருமை. நன்றாகச் சத்தம் போட்டுச் சுற்றியது. வண்டிக்கு முன்னால் நின்றிருந்த அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "காத்து எனக்க மூஞ்சிலல்லா அடிக்குது? உள்ளயில்லா போகணும்?" என்றார். பார்த்தால் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போயிருக்கிறது. ஃபேன் பின்சுழற்சியில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து இந்த வேலை செய்கிறேன், இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் யாருக்கானாலும் கை தடுமாறும். நான் அசடு வழிய நின்றதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நீ சிரிப்பது அப்படியே அதே மாதிரிதான். உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியம் நான் கடைப் பரோட்டா வாங்கித் தின்பதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் தூக்குவாளியில் சோறும் சாளை மீன் புளிமுளக் குழம்பும் கொண்டு வந்தார். "எங்க கறி பிடிக்குமா என்னமோ" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜெனி வச்ச கறி தின்ன நாக்குதான்" என்றேன். நான் தின்று முடிக்கும்வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு வாளியைக் கழுவ என்னை விடாமல் தானே வாங்கிக்கொண்டார்.

கடையில் எல்லாம் சரியாக ஓடியது. ரோட்டில் பார்க்காமல் நம்ப முடியாது, எங்காவது நெரிசலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றேன். தக்கலையிலேயே பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம். அவர் உடனே, "மார்த்தாண்டம் போவோம்" என்றார். அங்கே எப்போதும் கூட்டம்தானே, அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவரே ஓட்டினார். நன்றாக ஓட்டுகிறார் ஜெனி. ஹாரன் அடிப்பதில்லை. எதிரே வருகிறவன் வழி விடும்வரை பொறுமையாக நிற்கிறார். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தில் ஏறாமல் வேண்டுமென்றே அடியில் விட்டார். உச்சி வெயில். பஸ்ஸும் லாரியும் ஆட்டோவுமாக ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. நாங்கள் நடுவில். சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. ஃபேன் போட வேண்டிய இடம் வந்தது. ரிலே டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது, ஃபேன் சுற்றவில்லை. அம்மா சுவிட்சைத் தட்டினார். அதற்கும் சுற்றவில்லை. மறுபடியும் தட்டினார். "தாணு, சுத்தல்ல. சுத்தல்ல" என்றார்.

அவர் என் பேரைச் சொன்னது அதுதான் முதல்முறை. அந்த நேரத்தில் அதைக் கவனிக்கக்கூட என்னால் முடியவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது, சுவிட்சை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார். வண்டி கொதித்ததற்கு யாரும் இப்படிப் பதற மாட்டார்கள். இன்ஜினை அணைக்கச் சொல்லி, இறங்கி, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஓரமாகத் தள்ளி, ஒரு பழக்கடை நிழலில் நிறுத்தினேன். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனவரைத் தடுத்து, "மாமி, இப்ப தொடாதீங்கோ, கையில அடிச்சிரும்" என்றேன். என்னையறியாமல் மாமி என்று வந்துவிட்டது.

"தெரியும்" என்றார். சேலையை ஒதுக்கி முழங்கைக்குக் கீழே காட்டினார். பழைய வெந்த தழும்பு, உள்ளங்கை அகலத்துக்கு. "இதும் இஞ்ச வச்சுத்தான்."

இனி நான் எழுதுவதை மெதுவாக வாசி.

மூன்று வருடம் முன்பு நீ முதல்முறை மஸ்கட் போன நாள் நினைவிருக்கிறதா? உன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அஜிஷாவும் ஹாஸ்டலில் இருந்தாள். ஏர்போர்ட்டில் உள்ளே போகும் வாசலில் நின்று நீ திரும்பித் திரும்பிப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாய். காவலுக்கு நின்றவர் உள்ளே போகச் சொல்லிச் சத்தம் போட்ட பிறகுதான் போனாய்.

அன்றைக்கு அம்மா புறப்பட்டிருக்கிறார் ஜெனி. அஜிஷாவிடம் நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், நெத்திலிக் கருவாடு வறுத்துப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, இந்த வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டிருக்கிறார். மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அவசரத்தில் மூடியைத் திறந்து கை வெந்தது. வண்டி ஆறி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் புறப்பட்டால் கொஞ்ச தூரத்தில் திரும்பவும் கொதித்தது. பஸ் ஏறிப் போகலாம் என்று பார்த்தால் நேரம் கடந்துவிட்டது.

"பிளேனு போவுற நேரம் வரைக்கும் வண்டிக்குள்ளயே இருந்தேன். அப்புறம் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "போய்ச் சேரல்லியே. சேராத வழியப் பத்தி என்ன பறைய?" என்றார். மாசி மாதம் நீ லீவில் வந்து வீட்டு வாசலில் நின்றபோது ஏன் கதவைத் திறக்கவில்லை என்றும் கேட்டேன். எனக்கு அன்று அந்தத் தைரியம் எப்படி வந்ததோ. அவர் பஸ்களைப் பார்த்தபடி, "கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன். அவ போன பொறவுதான் கொண்டி எடுக்க கை வந்துது" என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. வழிந்தது வழிந்தபடி இருந்தது. பழக்கடைக்காரர் பார்க்காதது போலக் குலைகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் வண்டியைப் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

கோளாறு, கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த் வயரில் இருந்தது. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு போல்ட்டில் எர்த் கொடுத்திருந்தேன். மேலே பெயின்ட் பளபளப்பாக இருந்தது. உங்கள் ஊர் மணவாளக்குறிச்சியின் உப்புக்காற்றில் உள்ளுக்குள் தகரம் துருவேறிப் போயிருக்கிறது. கடையில் நின்றபோது பிடித்துக்கொண்டிருந்தது, ரோட்டில் குலுங்கியதும் விட்டுவிட்டது. கண்ட்ரோலருக்கும் அதே எர்த்தைத்தான் கொடுத்திருந்தேன், அதனால்தான் ரிலே துடித்தது. பாடியை நம்பவே வேண்டாம் என்று, பையில் இருந்த தடித்த வயரை ஃபேனிலிருந்து பேட்டரி மைனஸுக்கே நேராக இழுத்தேன். கண்ட்ரோலருக்கும் அங்கிருந்தே கொடுத்தேன். அம்மா கண்ணீர் காயாத முகத்தோடு பக்கத்தில் வந்து நின்று, நான் கேட்காமலேயே டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார்.

வண்டி ஆறியது. தண்ணீர் நிரப்பினோம். மறுபடியும் அதே நெரிசலில் கொண்டு போய் நிறுத்தினார். முள் ஏறியது. ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பித்தது. முள் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுக் கீழே இறங்கியது. ஃபேன் நின்றது. மறுபடி ஏறியது, மறுபடி சுற்றியது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், வழி திறந்துவிட்டது, இவர் வண்டியை எடுக்க மாட்டேன் என்கிறார். "இன்னொரு தடவ பாக்கட்டு மக்கா" என்கிறார். மக்கா என்றார் ஜெனி, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல. என்னைத்தான்.

திரும்பி வரும்போது குழித்துறை ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, மழை போதாது என்று பேசினார். மீன் வரத்து சரியில்லை என்றார். உனக்கு வாந்தி நின்றதா, கால் வீங்குகிறதா என்று கேட்டார். கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்காமல் ரோட்டைப் பார்த்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இரும்பு மாத்திரை விஷயத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கடை வாசலில் இறக்கிவிட்டபோதுதான் அந்த வாக்கை வாங்கினார். "நான் வாறது அவகிட்ட போன்ல பறையப்பிடாது, கேட்டியா? பொறவு அவ பாத்துப் பாத்து இருப்பா. வழியில எதாவது ஆச்சுன்னா?" சரி என்றேன். வண்டியை எடுத்தவர் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார். "நீயும் கூட வரணும். வயரிங்கு வழியில போச்சுன்னா யாரு பாப்பா?" என்றார்.

வயரிங் போகாது. அது அவருக்கும் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். பிள்ளையைக் கோயிலில் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, முதலில் மாதா கோயிலா தாணுமாலயன் கோயிலா என்பதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குச் சண்டை வரும். வரட்டும். ஒரே வீட்டில் உட்கார்ந்து சண்டை போட ஆள் கிடைப்பதும் நல்லதுதான். உன் அம்மாவின் பயம் பெரியது. இரண்டாம் முறையும் போய்ச் சேர முடியாமல் போய்விடுமோ என்ற பயம். நீ தெரியாதவள் போல இரு என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று வாசலில் நீ திரும்பிப் பார்த்த முகம் எனக்கு மறக்கவில்லை. இன்னும் ஒரு நாள்கூட அம்மா வரவில்லை என்ற நினைப்போடு உன்னைத் தூங்கவிட எனக்கு மனமில்லை.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நீ வெளியே வரும்போது கம்பிக்கு அப்பால் அவர் நிற்பார். ஒன்றும் கேட்காதே. ஏன் வந்தாய் என்றோ, ஏன் அப்போது வரவில்லை என்றோ வேண்டாம். மார்த்தாண்டம் விஷயத்தை அவரே என்றைக்காவது சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் போகட்டும். வண்டியில் ஏறும்போது என்னோடு பின்சீட்டில் உட்கார வந்துவிடாதே. முன்னால் அம்மா பக்கத்தில் உட்கார். நான் பெட்டிகளோடு பின்னால் இருந்துகொள்கிறேன். ஓண நேரம், வழியெல்லாம் நெரிசலாகத்தான் இருக்கும். இருக்கட்டும், நமக்கு அவசரம் ஒன்றுமில்லை.

வேளாங்கண்ணி மாதாவும் சுசீந்திரம் தாணுமாலயனும் சேர்ந்து உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும். மாத்திரையைப் போடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
தாணுலிங்கம்.